லிப் பாமிலும் லிப்ஸ்டிக்கிலும் என்ன இருக்கிறது?

உதட்டில் பூசுகிற பொருட்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு சொற்களே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகின்றன: கெமிக்கல், நேச்சுரல். தேன்மெழுகு என்றால் நல்லது, பெட்ரோலியம் என்றால் கெட்டது. பீட்ரூட் என்றால் பயமில்லை, எண் போட்ட நிறம் என்றால் விஷம். தங்க மோதிரத்தால் லிப்ஸ்டிக்கைத் தேய்த்துக் கறுப்புக் கோட்டைக் காட்டி, 'இதில் காரீயம் (லெட் என்ற நச்சு உலோகம்) இருக்கிறது' என்று சொல்லும் வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறது. அதைப் பார்த்த அத்தை, கல்லூரிக்குப் போகும் அண்ணன் மகளின் லிப்ஸ்டிக்கைப் பிடுங்கிப் போட்டுவிடுகிறார். இன்னொரு பக்கம், உண்மையாகவே உதட்டைப் புண்ணாக்கக்கூடிய சில பொருட்களை 'மூலிகை' என்று எழுதியிருக்கும் ஒரே காரணத்துக்காக நம்பி வாங்குகிறோம்.

இந்தக் குழப்பத்திலிருந்து வெளியே வர ஒரு கேள்வி போதும்: இந்தப் பொருள் உதட்டில் என்ன வேலை செய்கிறது? அது மரத்திலிருந்து வந்ததா, எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்ததா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். வேலையைப் புரிந்துகொண்டால், வாயில் நுழையாத பெயர்கள் நிறைந்த அட்டைப்பெட்டியின் பின்பக்கம்கூடப் படிக்கக்கூடியதாகிவிடும்.

உதடு ஏன் இவ்வளவு சீக்கிரம் காய்கிறது?

மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால், அதன் சுவரில் உள்ள நுண்துளைகள் வழியாக ஈரம் கசிந்து வெளியே வந்து காற்றில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பானை ஓட்டை இல்லை. ஆனாலும் தண்ணீர் குறையும். நம் தோலும் அப்படித்தான். வியர்க்காத நேரத்திலும் உள்ளிருக்கும் ஈரம் மேல்தோல் வழியாகச் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. தோல் மருத்துவர்கள் இதைத் தோல்வழி நீரிழப்பு என்கிறார்கள்.

உடலின் மற்ற இடங்களில் இந்தக் கசிவைக் குறைக்க இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று, தோலின் மேலே இருக்கும் இறந்த செல்களின் அடுக்கு. மற்றொன்று, எண்ணெய்ச் சுரப்பிகள் சுரக்கும் பசை. உதட்டின் சிவந்த பகுதியில் இறந்த செல் அடுக்கு மிக மெல்லியது. எண்ணெய்ச் சுரப்பிகள் ஏறக்குறைய இல்லவே இல்லை. வியர்வைச் சுரப்பிகளும் இல்லை. அதனால் கன்னத்தைவிட உதட்டிலிருந்து ஈரம் வேகமாக வெளியேறுகிறது. நாள் முழுக்க ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேர்வையே இல்லாவிட்டாலும் உதடு வெடிப்பது இதனால்தான். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடுகிறது; வறண்ட காற்று உதட்டின் ஈரத்தை எடுத்துக்கொள்கிறது.

உதடு காய்ந்தால் நாக்கால் தடவிக்கொள்கிறோம். பானையின் வெளிப்பக்கம் தண்ணீர் தெளிப்பதைப் போன்ற வேலை இது. எச்சில் சில நொடிகளில் ஆவியாகிவிடும். உணவைச் செரிக்க உதவும் நொதிகளும் எச்சிலில் இருப்பதால், அடிக்கடி தடவும்போது அந்த மெல்லிய தோல் எரிச்சலடைந்து முன்பைவிட மோசமாகிறது. சில பிள்ளைகளுக்கு உதட்டைச் சுற்றி வட்டமாகச் சிவந்து தடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் இந்தப் பழக்கத்தின் விளைவுதான் அது.

லிப் பாம் செய்யும் மூன்று வேலைகள்

முதல் வேலை மூடுவது. பானையின் வெளிப்புறம் முழுக்க எண்ணெய்ப் பசை பூசினால் கசிவு குறையும் அல்லவா, அதே வேலை. ஈரம் வெளியேறாதபடி மேலே படலம் போடும் இப்பொருட்களை ஆக்லூசிவ் என்பார்கள். பெட்ரோலியம் ஜெல்லி, தேன்மெழுகு, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின், டைமெத்திகோன் என்ற சிலிகோன் ஆகியவை இந்த வகை.

இரண்டாவது வேலை, தண்ணீரைப் பிடித்து வைப்பது. கிளிசரின், தேன், ஹயலூரானிக் அமிலம் போன்றவற்றின் மூலக்கூறுகள் நீர் மூலக்கூறுகளைத் தம்மோடு பிணைத்துக்கொள்ளும். இவற்றுக்கு ஹ்யூமெக்டன்ட் என்று பெயர். இங்கே கவனிக்க வேண்டியது, பிடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. காற்றில் ஈரம் இருந்தால் அங்கிருந்து கொஞ்சம் வரும். வறண்ட காற்றில் தோலின் உள்ளடுக்கிலிருந்துதான் வர வேண்டும். மேலே மூடும் படலம் இல்லையென்றால் அப்படி மேலே வந்த ஈரமும் ஆவியாகிப் போய்விடும். கிளிசரினை மட்டும் தடவியவர்கள் "முதலில் நன்றாக இருந்தது, பிறகு இன்னும் காய்ந்துவிட்டது" என்று சொல்வது கற்பனையில்லை. அதன் மேல் ஒரு பூச்சு பசையான பாம் போட்டிருந்தால் அந்தத் தொல்லை வந்திருக்காது.

மூன்றாவது வேலை, சொரசொரப்பைத் தணிப்பது. உரிந்து நிற்கும் செல்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளை எண்ணெய் நிரப்பினால் உதடு வழுவழுப்பாகிறது. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், ஷியா வெண்ணெய், ஸ்குவாலேன் எல்லாம் இதைச் செய்பவை. எமோலியன்ட் என்பது இவற்றின் பொதுப்பெயர். பாட்டி உதட்டில் தடவிவிட்ட நெய்யும் இந்த வரிசையில்தான் சேரும்.

ஒரே பொருள் இரண்டு வேலைகளைச் செய்வதும் உண்டு. ஷியா வெண்ணெய் வழுவழுப்பும் தரும், ஓரளவு மூடவும் செய்யும். ஆனால் அளவில் பெரிய வேறுபாடு இருக்கிறது. நன்றாகப் பூசிய பெட்ரோலியம் ஜெல்லி நீரிழப்பை 98 சதவீதம் வரை குறைக்கக்கூடியது என்று தோல் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. லானோலினும் சிலிகோன்களும் பிற எண்ணெய்களும் பெரும்பாலும் 20 முதல் 30 சதவீத அளவிலேயே நிற்கின்றன. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடுவதால், நம் ஊர் வெயிலில் உதட்டில் நிற்காமல் வழிந்தும் போகிறது.

ஆக, வெடித்த உதட்டுக்கு முதலில் வேண்டியது மூடும் பொருள். சொரசொரப்புக்கு எண்ணெய். ஈரம் பிடிக்கும் பொருள் கூடுதல் உதவி. அதைத் தனியாக விடக் கூடாது.

கச்சா எண்ணெயிலிருந்து வந்தது என்ற பயம்

இவ்வளவு நன்றாக வேலை செய்யும் பெட்ரோலியம் ஜெல்லிதான் இன்று அதிகம் திட்டு வாங்குகிறது. அதன் கதையிலிருந்தே தொடங்கலாம். 1859-இல் ராபர்ட் செஸ்ப்ரோ என்ற இளம் அமெரிக்க வேதியியலாளர் பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்கப் போனார். துளையிடும் தண்டுகளில் படிந்து தொல்லை கொடுத்த ஒரு கருநிறப் பசையைத் தொழிலாளர்கள் தங்கள் வெட்டுக்காயங்களிலும் தீக்காயங்களிலும் பூசிக்கொள்வதைக் கண்டார். அதை எடுத்துப் பல ஆண்டுகள் சுத்திகரித்து, 1872-இல் வாஸலின் என்ற பெயரில் காப்புரிமை பெற்றார்.

இந்தக் கதையில் முக்கியமான சொல் 'சுத்திகரித்து' என்பதுதான். கச்சா நிலையில் உள்ள பெட்ரோலியப் பசையில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய, 'அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள்' என்ற வகைச் சேர்மங்கள் சில இருக்கலாம். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம், சுத்திகரிப்பின் முழு விவரமும் தெரிந்து, மூலப்பொருள் புற்றுநோய் விளைவிக்காதது என்று காட்டப்பட்ட பெட்ரோலேட்டத்தை (பெட்ரோலியம் ஜெல்லியின் இன்னொரு பெயர்) மட்டுமே அழகுப்பொருட்களில் அனுமதிக்கிறது. மருந்துத் தரத்திலான வெள்ளை பெட்ரோலேட்டம் அந்த அளவு சுத்தமானது. கண்ணுக்குள் போடுகிற களிம்புகள் பலவற்றின் அடிப்படையே அதுதான்; புண்ணில் ஒட்டாத மருந்துத் துணிகளிலும் அதுதான் தோய்க்கப்பட்டிருக்கிறது. தோலில் அது மேலடுக்கின் இடுக்குகள் வரை போய் அங்கேயே தங்கிவிடுகிறது.

பெயரில்லாத டப்பாவில், விலை எழுதாமல், மஞ்சள் பூத்து மண்ணெண்ணெய் வாடையோடு விற்கப்படும் ஜெல்லியை வாங்காதீர்கள். அந்த எச்சரிக்கை நியாயமானது. அதை வைத்து நல்ல பெட்ரோலேட்டத்தையும் சேர்த்து ஒதுக்குவதால் நஷ்டம் வெடித்த உதட்டுக்குத்தான்.

ஒரு குறை அதற்கு உண்டு: வெயிலை அது தடுக்காது. கீழுதடு மேல்நோக்கித் திரும்பியிருப்பதால் வெயிலை நேராக வாங்குகிறது. உதட்டில் நிறமியும் குறைவு. வயலிலும் கடலிலும் சாலையிலும் பல ஆண்டுகள் வெயிலில் உழைப்பவர்களுக்குக் கீழுதட்டில் வரும் நாள்பட்ட பாதிப்பு புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக மாறக்கூடும். அவர்களுக்கு வேண்டியது ஜிங்க் ஆக்ஸைடு போன்ற வெயில் தடுப்பான் சேர்ந்த, எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் திறனின் அளவு) 30 அல்லது அதற்கு மேலான பாம். இது ஆண்களுக்கும் சேர்த்துத்தான். லிப் பாம் பெண்கள் பொருள் என்ற எண்ணத்தால் அதிகம் இழப்பவர்கள் வெளியில் வேலை செய்யும் ஆண்கள்.

குச்சி நிமிர்ந்து நிற்பது எப்படி?

டப்பாவில் வரும் ஜெல்லி குழைவாக இருந்தால் போதும். குச்சியாக வரும் பாமும் லிப்ஸ்டிக்கும் கைப்பையில் உருகாமல் நிற்க வேண்டும். உதட்டில் பட்டதும் இழைய வேண்டும். எதிரெதிரான இந்த இரண்டு தேவைகளையும் தீர்ப்பது மெழுகும் எண்ணெயும் சேர்ந்த கலவை. மெழுகின் நுண்படிகங்கள் வலைபோலப் பின்னிக்கொள்ள, அந்த வலைக்குள் எண்ணெய் சிக்கி நிற்கிறது. உதட்டில் தேய்க்கும்போது வலை உடைந்து எண்ணெய் வெளியே வருகிறது.

தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரியில் உருகும். எண்ணெயை நன்றாகப் பிடித்து வைக்கும். வட மெக்சிகோவின் பாலைநிலப் புதர்ச்செடியிலிருந்து வரும் கேண்டலில்லா மெழுகு ஏறத்தாழ 70 டிகிரியில் உருகுகிறது, பளபளப்பு தரும். வடகிழக்கு பிரேசிலின் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து சுரண்டி எடுக்கும் கார்னோபா மெழுகுக்கு 82 டிகிரிக்கு மேல் வேண்டும். அதைச் சிறிதளவு சேர்த்தாலே குச்சி கெட்டியாகிவிடும். 'வீகன்', அதாவது விலங்குகளிடமிருந்து எடுத்த எதுவும் சேராதது என்று விற்கப்படும் குச்சிகளில் தேன்மெழுகின் இடத்தைப் பெரும்பாலும் இந்த இரண்டு தாவர மெழுகுகள்தான் நிரப்புகின்றன. அவை இன்னும் கடினமானவை என்பதால், எண்ணெயின் அளவைச் சரியாக மாற்றாவிட்டால் பாம் உதட்டில் இழுபடும்.

எண்ணெய்களில் ராஜா நம் விளக்கெண்ணெய். உலகில் ஆமணக்கை மிக அதிகமாக விளைவிக்கும் நாடு இந்தியா. அதில் பெரும்பங்கு குஜராத்தில். தமிழ்நாட்டில் சேலம் பக்கமும் பயிரிடுகிறார்கள். பாரிஸில் பெட்டி கட்டி விற்கப்படும் விலையுயர்ந்த லிப்ஸ்டிக்கிலும் பெரும்பாலும் இந்த எண்ணெய் இருக்கும். காரணம் அதன் வேதியியல். அதிலுள்ள கொழுப்பு அமிலத்தில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலியிக் அமிலம். மற்ற சமையல் எண்ணெய்களில் இல்லாத ஒரு ஹைட்ராக்ஸில் தொகுதி அதில் இருப்பதால், எண்ணெய் கெட்டியாக இருக்கிறது; நிறத்துகள்களைத் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளவிடாமல் பிரித்து வைக்கிறது. மிகச் சிலருக்கு இதே அமிலம் ஒவ்வாமையும் தருகிறது. எந்த லிப்ஸ்டிக் போட்டாலும் உதடு அரிக்கிறது என்பவர்கள், விளக்கெண்ணெய் எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கிறதா என்று பார்க்கலாம்.

கோடையில் லிப்ஸ்டிக்கின் மேல் முத்து முத்தாக எண்ணெய் துளிர்ப்பதும் இந்த மெழுகு வலை தளர்வதால்தான். அது கெட்டுப்போனதன் அடையாளம் என்று முடிவு கட்ட வேண்டாம். துடைத்துவிட்டு நிழலில் வைத்தால் போதும். கெட்டுப்போன பழைய எண்ணெய் வாடை வந்தால்தான் தூக்கிப் போட வேண்டும்.

சிவப்பு எங்கிருந்து வருகிறது?

லிப் பாமில் நிறத்தைச் சேர்த்தால் லிப்ஸ்டிக் என்று சுருக்கமாகச் சொல்லலாம். சேர்ப்பதுதான் சிக்கல். தண்ணீரில் கரையும் சாயமாக இருந்தால் டீ குடித்ததும் கரைந்து வழியும். அதனால் அந்தச் சாயத்தை அலுமினியம், கால்சியம் போன்றவற்றின் உப்போடு பிணைத்துக் கரையாத தூளாக்குகிறார்கள். அப்படி ஆக்கிய நிறத்துக்கு லேக் என்று பெயர். பெட்டியின் பின்னால் சி.ஐ. 15850 என்று கண்டால், லிப்ஸ்டிக்குகளில் மிகப் பரவலாக உள்ள ஒரு சிவப்பு லேக்கைப் பார்க்கிறீர்கள். சி.ஐ. என்பது உலக அளவில் நிறப்பொருட்களுக்குத் தரப்பட்டுள்ள பட்டியல் எண். 'எண் போட்ட நிறம்' என்றால் பயப்படுகிறோம். உண்மையில் எண் இருப்பதால்தான் அது என்ன பொருள் என்று தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது.

பழுப்பும் செங்கல் நிறமும் பெரும்பாலும் இரும்பு ஆக்ஸைடுகள், சி.ஐ. 77491 சிவப்பு, 77492 மஞ்சள், 77499 கறுப்பு. வேதியியலில் இவை துருவின் உறவு. சி.ஐ. 77891 டைட்டேனியம் டையாக்ஸைடு, வெண்மை தருவது. அடர்சிவப்பை ரோஜா நிறமாக்குவது அதுதான். மினுமினுப்பு வேண்டுமானால் மைக்கா, அதாவது அப்பிரகம். இந்தப் பளபளப்பில் வருத்தம் தரும் பக்கமும் இருக்கிறது. ஜார்க்கண்டின் அனுமதியற்ற அப்பிரகச் சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது நன்றாகப் பதிவான உண்மை. உதட்டுக்குத் தீங்கில்லாத பொருள் என்பதால் அது யாருக்குமே தீங்கு செய்யவில்லை என்று ஆகிவிடாது. மைக்கா எங்கிருந்து வாங்கப்படுகிறது என்று வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது நம்மால் முடிந்த சிறு காரியம்.

சைவம் கடைப்பிடிப்பவர்கள் அறிய வேண்டிய எண் சி.ஐ. 75470. இது கார்மைன். சப்பாத்திக்கள்ளி வகைச் செடிகளில் வாழும் கோச்சினீல் என்ற பூச்சியை உலர்த்தி எடுக்கும் சிவப்பு. பெரும்பகுதி பெருவிலிருந்து வருகிறது. இது முழுக்க 'இயற்கை'. அதே சமயம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையையும் தரக்கூடியது.

பொருட்காட்சிக் கடைகளில் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்து, உதட்டில் பட்டதும் இளஞ்சிவப்பாகும் 'கற்றாழை லிப்ஸ்டிக்' பார்த்திருப்பீர்கள். ஆளுக்குத் தகுந்த நிறம் வரும் என்று சொல்லி விற்பார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் சி.ஐ. 45410 அல்லது 45380 என்ற சாயம். ஈரமில்லாத மெழுகுக்குள் இதன் மூலக்கூறு நிறமற்ற வடிவில் மூடிக் கிடக்கும். உதட்டின் ஈரமும் அமிலத்தன்மை அளவும் பட்டதும் மூலக்கூறின் வளையம் திறந்து நிறம் பெறுகிறது. தோலின் புரதத்தில் ஒட்டியும் கொள்கிறது. கற்றாழைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. எல்லோருக்கும் ஏறக்குறைய அதே இளஞ்சிவப்புதான் வரும். அவரவர் உதட்டின் சொந்த நிறம் அடியில் இருப்பதால் சற்று வேறாகத் தெரிகிறது.

இதுவரை பார்த்தது: மெழுகு நிமிர்த்தி நிறுத்துகிறது, எண்ணெய் இழையச் செய்கிறது, நிறம் கரையாத தூளாகக் கலந்திருக்கிறது. லிப்ஸ்டிக்கின் உடம்பு இவ்வளவுதான்.

தங்க மோதிரமும் காரீயமும்

இப்போது அந்த வீடியோவுக்கு வருவோம். லிப்ஸ்டிக்கில் காரீயம் இருந்தால் தங்கம் கறுக்கும் என்பது இருபது ஆண்டுகளாகச் சுற்றிவரும் தவறான செய்தி. லிப்ஸ்டிக்கில் உள்ள கடினமான துகள்கள் மோதிரத்தின் உலோகத்தை நுண்ணளவில் உராய்ந்து கறுப்புக் கோடாகக் காட்டும். பிபிஎம் அளவில், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் இருக்கும் காரீயத்தை எந்த மோதிரமும் காட்டிக்கொடுக்காது. அதற்கு ஆய்வுக்கூடம்தான் வேண்டும்.

ஆனால் கவலைக்கு அடிப்படையே இல்லையா? உண்டு. லிப்ஸ்டிக்கில் காரீயத்தை யாரும் வேண்டுமென்று சேர்ப்பதில்லை. நிறத்துகள்கள் மண்ணிலிருந்தும் தாதுக்களிலிருந்தும் வரும்போது மாசாகச் சிறிதளவு ஒட்டிக்கொண்டு வருகிறது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2010-இல் 400 லிப்ஸ்டிக்குகளைச் சோதித்தபோது சராசரி 1.11 பிபிஎம், மிக அதிகமாக இருந்தது 7.19 பிபிஎம். 10 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அந்த அமைப்பின் பரிந்துரை. இந்தியாவில், நிறத்துக்காகக் காரீயச் சேர்மங்களைச் சேர்ப்பதற்கே தடை; செயற்கை நிறப்பொருட்களில் மாசாக இருக்கும் காரீயத்துக்கு 20 பிபிஎம் வரம்பு.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒருவர் ஒரு நாளில் பூசும் லிப்ஸ்டிக் 57 மில்லிகிராம் என்று ஐரோப்பிய ஆணையத்தின் நுகர்வோர் பாதுகாப்புக்கான அறிவியல் குழு மதிப்பிடுகிறது. அது முழுவதையும் விழுங்கிவிட்டார், அதில் 10 பிபிஎம் காரீயம் இருந்தது என்று மோசமான நிலையையே வைத்துக்கொண்டாலும், உள்ளே போவது 0.57 மைக்ரோகிராம். உணவு வழியாகச் சேரும் காரீயத்துக்கு, கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களுக்கு அதே அமெரிக்க நிர்வாகம் வைத்திருக்கும் நாள் அளவு 8.8 மைக்ரோகிராம். காரீயத்தில் 'நல்ல அளவு' என்று ஒன்று கிடையாது, உண்மை. அதனால்தான் முகவரி இல்லாத மலிவுச் சரக்கை உதட்டில் பூச வேண்டாம் என்கிறேன். குழந்தைகளுக்குப் பூசவே வேண்டாம். ஆனால் காரீயத்தைப் பற்றி உண்மையாகக் கவலைப்படும் வீடு முதலில் பார்க்க வேண்டியது கண்ணில் இடும் சுர்மாவையும், செங்காரீயம் கலந்த போலிச் சிந்தூரத்தையும். காரீயமே மூலப்பொருளாக அமைந்துவிடக்கூடிய பொருட்கள் அவை.

ஆயுள் முழுக்க இரண்டு மூன்று கிலோ லிப்ஸ்டிக் தின்கிறோம் என்ற செய்தியையும் இதே கணக்கால் சோதிக்கலாம். ஒரு குச்சியில் இருப்பது 4 கிராமுக்குள். மூன்று கிலோ தின்ன 750 குச்சிகளை ஒரு துளி மிச்சமில்லாமல் விழுங்க வேண்டும்.

உதடு கறுப்பதும் எரிவதும்

"லிப்ஸ்டிக் போட்டால் உதடு கறுத்துவிடும்" என்று நம் வீடுகளில் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ள மாட்டேன். நிறம் உள்ளே ஊறிக் கறுப்பாக்குவதில்லை; கரையாத தூள் அப்படி ஊறாது. ஆனால் வாசனைப்பொருளோ சுவையூட்டியோ ஒத்துக்கொள்ளாமல் லேசான அழற்சி நீண்ட நாள் நீடித்தால், ஆறும்போது நம்மைப் போன்ற மாநிறத் தோல் கூடுதல் நிறமியை விட்டுச் செல்கிறது. கறுப்புக்குக் காரணம் அந்த அழற்சி. பற்பசையில் உள்ள சுவையூட்டியாலும், சிகரெட்டாலும், வெயிலாலும், உதட்டைக் கடிக்கும் பழக்கத்தாலும் இதே கறுப்பு வரும்.

முதலில் சந்தேகிக்க வேண்டிய பொருட்களின் பெயர்கள் இனிமையானவை: மென்தால், கற்பூரம், பட்டை எண்ணெய், புதினா எண்ணெய், எலுமிச்சை. மென்தால் உதட்டைக் குளிர்விப்பதில்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டி, குளிர்வதாக மூளைக்குச் சொல்கிறது. வெடித்த உதட்டில் அதுவே எரிச்சலைக் கூட்டும், எரிச்சல் வறட்சியாகும், வறட்சிக்கு மீண்டும் அதே பாம். "லிப் பாமுக்கு அடிமையாகிவிட்டேன்" என்பவர்களில் பலர் இந்தச் சுழலில் இருப்பவர்கள். பாமில் போதைப்பொருள் எதுவும் இல்லை. மணமும் குளிர்ச்சியும் இல்லாத வெறும் பெட்ரோலேட்டத்துக்கு மாறினால் பெரும்பாலும் சுழல் அறுந்துவிடும்.

உதட்டைத் தடிமனாகக் காட்டும் 'பிளம்பர்' வகைகள் இந்த எரிச்சலையே விற்பனைப் பொருளாக்கியவை. மிளகாயின் காரப்பொருள், பட்டை, இஞ்சி போன்றவை ரத்த ஓட்டத்தைக் கூட்டிச் சற்று வீங்க வைக்கின்றன. வெடிப்போ புண்ணோ இருக்கும்போது இவற்றைத் தொடவே வேண்டாம்.

நாள் முழுக்க அழியாத வகை

திரவமாகப் பூசி, காய்ந்து, கல்யாணச் சாப்பாடு முடிந்த பிறகும் அப்படியே நிற்கும் லிப்ஸ்டிக்கில் மெழுகு வலைக்கு அதிக வேலையில்லை. ஐசோடோடெக்கேன் என்ற எளிதில் ஆவியாகும் கரைப்பானில் சிலிகோன் பிசினும் நிறமும் கலந்திருக்கும். பூசிய சில நிமிடங்களில் கரைப்பான் பறந்துவிடும். பிசின் நிறத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லிய சவ்வாக இறுகும். எண்ணெய் குறைவு என்பதால் காய்ந்த உணர்வு வருவது இயல்பு. எண்ணெய் மிகுந்த சாப்பாட்டில் இது திட்டுத்திட்டாக உரிவதும் இதனால்தான்: தண்ணீரால் அசையாத சவ்வை எண்ணெய் தளர்த்திவிடுகிறது. கலைக்கும்போதும் இதையே பயன்படுத்தலாம். சில துளி தேங்காய் எண்ணெய் தடவி ஒரு நிமிடம் விட்டுப் பஞ்சால் எடுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் சவ்வோடு தோலும் வரும்.

பளபளக்கும் லிப் கிளாஸ் இதற்கு நேரெதிர். பாலிபியூட்டீன் போன்ற பிசுபிசுப்பான திரவம் ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்புகிறது. முடி ஒட்டுவதும் அதே பிசுபிசுப்பால்.

வீட்டில் செய்யும் பீட்ரூட் பாம்

இதை விரும்பிச் செய்பவர்கள் நிறைய என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. பீட்ரூட்டின் நிறம் நீரில் கரைவது. மெழுகிலும் எண்ணெயிலும் கரையாது. சாற்றை நெய்யோடு கலக்கினால் சிறு சிறு நீர்த்துளிகளாகத்தான் நிற்கும். அந்த நிறம் வெளிச்சத்திலும் சூட்டிலும் சீக்கிரம் மங்கிவிடும். முக்கியமானது, தண்ணீர் வந்த இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். அதில் பாதுகாப்பான் எதுவும் கிடையாது. செய்தால் ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாட்களில் தீர்த்துவிடுங்கள். எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் வைத்து உதட்டைத் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அமிலமும் உராய்வும் சேர்ந்து மெல்லிய தோலைக் கிழிக்கும். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கறுத்தும் போகலாம்.

பெட்டியின் பின்பக்கத்தைப் படிப்பது

ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்கள் அளவின் இறங்குவரிசையில் இருக்கும்; அதற்குக் கீழுள்ளவை எந்த வரிசையிலும் வரலாம். நிறங்கள் கடைசியில் கூட்டமாக இருக்கும். சில பெயர்கள் லத்தீன் வேடத்தில் வரும்: செரா ஆல்பா தேன்மெழுகு, ரிசினஸ் கம்யூனிஸ் விளக்கெண்ணெய், கோகோஸ் நுசிஃபெரா தேங்காய் எண்ணெய், ப்யூட்டிரோஸ்பெர்மம் பார்க்கி ஷியா வெண்ணெய்.

டோகோஃபெரால் என்று கண்டால் அது வைட்டமின் ஈ. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்துவார்கள். பெரும்பாலும் அது அங்கே இருப்பது எண்ணெய் கெட்டு வாடையடிக்காமல் காக்க. 'பாராபென் இல்லை' என்ற வாசகமும் அப்படித்தான். பாராபென் கிருமிகள் வளராமல் தடுக்கும் பாதுகாப்பான். தண்ணீரே இல்லாத குச்சியில் கிருமி வளர வழி குறைவு என்பதால் அது இல்லாதிருப்பதில் வியப்பில்லை.

இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் விளக்கெண்ணெய், தேன்மெழுகு, ஷியா வெண்ணெய், டோகோஃபெரால், கடைசியில் 'அரோமா' அல்லது 'பர்ஃப்யூம்' என்று ஒரே சொல்லில் அடைக்கப்பட்ட வாசனைக் கலவை. இன்னொன்றில் பெட்ரோலேட்டம், பாராஃபின், லானோலின், வேறெதுவும் இல்லை. முன்னது அழகாக இருக்கும், மணக்கும், நல்ல உதட்டுக்குத் தினமும் பூச ஏற்றது. வெடித்து ரத்தம் கசியும் உதட்டுக்கு நான் கொடுப்பது இரண்டாவதை. ஆட்டு ரோமம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதிலும் லானோலின் இல்லாததை. இரவு படுக்கும் முன், உதடு ஈரமாக இருக்கும்போதே, கொஞ்சம் தாராளமாகப் பூச வேண்டும். இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் ஆறாத வெடிப்பு, வாய் ஓரத்துப் புண், கீழுதட்டில் உரிந்துகொண்டே இருக்கும் வெள்ளைத் திட்டு என்றால், அடுத்த பாமைத் தேடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்; பூசிய பொருட்களின் பெட்டிகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.